லாக் கோப்புக்கு ஓர் இடம்

“…சொந்த ஊடு மாதிரி இருக்குதுன்னு, பொட்டிய உள்ளயே வுட்டுட்டு லாட்ஜு ரூம காலி பண்றவன் உண்டா, நைனா?”

கேட்டவர் எங்கள் அலுவலகத்தில் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. ஆந்திர எல்லையிலுள்ள குப்பம் ஊர்க்காரர், வயதில் சின்னவர்களையெல்லாம் நைனா என்பார். திருப்பதி லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் புரோகிராம் எழுதுவது எங்கள் பிழைப்பு. நான் கல்லூரியில் கற்றவன் இல்லை, இப்படிப்பட்டவர்களின் பேச்சைப் பொறுக்கியே தொழில் பழகியவன். அன்று மத்தியானம் ஒரு மணிக்குள் என் புரோகிராமை அக்கா சர்வரில் ஏற்றியாக வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக லாட்ஜ்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அக்கா மறித்தது லாக்கினால். புரோகிராம் என்ன செய்தது, எங்கே தடுக்கியது என்று தானே எழுதிக்கொண்டு போகும் கோப்பு அது. அதை நான் புரோகிராமின் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தேன். புது வெர்ஷன் ஏற்றும்போது பழைய ஃபோல்டரைத் துடைத்துவிடுவோம். லாக்கும் கூடவே போய்விடும். போன தடவை புக்கிங் நின்றபோது, ஏன் என்று தேடினால் கையில் ஒன்றும் இல்லை.

“அப்ப, தற்காலிகமா வைக்கிற /tmp ஃபோல்டர்ல வச்சுடட்டாக்கா? அங்க யாரு வேணா எழுதலாமே.”

“அது பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. குந்தலாம், குடும்பம் நடத்த முடியாது. மெஷின ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணா பெருக்கித் தள்ளிடும்.”

இந்தப் பேச்சுக்காகவே இன்னொரு தப்பு செய்யலாம் என்று தோன்றும். செய்தேன்.

“லாக்குக்குன்னே இருக்கற /var/log ஃபோல்டர்ல எழுத வுட மாட்டேங்குது. புரோகிராமயே எல்லா அதிகாரமும் இருக்கற ரூட்டா ஓட்டிடலாமா?”

“ஒரு பை வைக்க லாட்ஜு சாவிக்கொத்தே வேணுமா ஒனக்கு? மலைக்குப் போறவங்க லக்கேஜ எங்க வுட்டுட்டுப் போறாங்க? கிளோக் ரூமுல. /var/log அதுதான். அங்க ஒன் புரோகிராமுக்குன்னு ஒரு ஃபோல்டர் தர்றேன், அதுல மட்டும் எழுதிக்கோ. சேந்துக்கினே போனா டிஸ்க் ரொம்பிடும். பழச அப்பப்ப கழிக்க நானே ஏற்பாடு பண்றேன்.”

லாக் எழுதும் பாதையை மாற்றிக் கொடுத்தேன். மணி ஒன்றாகப் போகிறது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சர்வர் பெட்டியின் தலைமேல், சூடு ஆறாமலிருக்க அக்கா தினமும் வைக்கும் சாப்பாட்டு டப்பா கண்ணில் பட்டுவிட்டது.

“எல்லாத்துக்கும் ஒரு எடம் இருக்குதுன்றீங்களே, அந்தப் புளிசோத்துக்கு எது எடம், அக்கா?”

அக்கா டப்பாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எழுந்து அதை இறக்கி என் மடியில் வைத்தார். பிறகு உட்கார்ந்து, புரோகிராமை ஏற்றும் கட்டளையைத் தட்டினார்.