கரண்ட் செல்லோ

வீட்டிலும் கடையிலும் தெருவிலும் எல்லோருக்கும் அவன் இடிதான். ராக் இசைக்குழு ஒன்றில் கிடார் வாசித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அவன் கிடாரை ஒலிபெருக்கியில் சொருகினால் பக்கத்து வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் தாமாகவே பேச ஆரம்பிக்கும். அந்தக் குழு கலைந்து பல காலமாயிற்று. டிரம்ஸ் அடித்தவன் கப்பல் வேலைக்குப் போனான். பாடியவன் மாமனாரின் டைல்ஸ் கடையில் உட்கார்ந்துவிட்டான். இடி மட்டும் எங்கேயும் போகவில்லை. ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வேலை. எலி வளையானாலும் தனி வளை என்று அக்கா வீட்டு மாடியறையில் வாசம். ஒரு கட்டில், இரண்டு கிடார், ஒரு கீபோர்டு, ஒரு பழைய கம்ப்யூட்டர், தரையெல்லாம் ஒயர்.

அக்கா வங்கியில் வேலை பார்ப்பவள். வியோலா வாசிப்பாள். வியோலா என்பது வயலினுக்கு அக்கா மாதிரி. உருவம் சற்றுப் பெரிது, குரல் கொஞ்சம் கட்டை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டு முன்னறையில் நாலு பேர் கூடுவார்கள். கணக்கு டீச்சரும் அவர் மகளும் வயலின், அக்கா வியோலா, பல் டாக்டர் செல்லோ, அதாவது நாற்காலியில் உட்கார்ந்து காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின். பெரிய அரங்குக்கென்று இல்லாமல், இப்படி ஓர் அறையில் நாலு பேர் முகம் பார்த்து வாசிப்பதற்கென்றே இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்ட இசை அது. இடி அதைக் கொசுக் கச்சேரி என்பான்.

"உன் இரைச்சலுக்கு கொசுவே தேவலடா" என்பாள் அக்கா.

"நீங்க வாசிச்சா அந்த கொசுகூட வீட்ட காலி பண்ணிடும்" என்பான் இவன்.

ஒரு வருஷம் பல் டாக்டர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கச்சேரி நின்றது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அக்கா பாத்திரம் துலக்கிய சத்தத்துக்கு இடியின் கிடார் தோற்றது. மாமா தாங்க முடியாமல் மாடிக்கு வந்தார்.

"உன் மிஷின்ல அந்த பெரிய வயலின் சத்தம் வருமா மாப்ள? எப்படியாவது வர வைப்பா. என்னால முடியல."

விளையாட்டாகத்தான் ஒப்புக்கொண்டான். செல்லோவுக்குரிய சுரங்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்கிக்கொண்டு வந்து தட்டிவிட்டான். மிஷின் தப்பில்லாமல் வாசித்தது. ஆனால் யாருக்கும் காத்திருக்கவில்லை. ஓடுகிற பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி மூன்று பேரும் அதன் பின்னாலேயே ஓடினார்கள். கணக்கு டீச்சர் வில்லைத் தாழ்த்திவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இது செல்லோ இல்ல. கடன்காரன். ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது."

இடிக்குச் சுருக்கென்றது. அவர்கள் பழைய ஒத்திகையை அக்கா போனில் பதிந்து வைத்திருந்தாள். அதை வாங்கிக் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் ஒன்று பிடிபட்டது: நாலு பேரும் ஒரே வேகத்தில் போகவே இல்லை. ஒருவர் தயங்கினால் மற்றவர்கள் அதைக் காட்டிக்கொள்ளாமல் கூடவே தயங்கினார்கள். அவனுடைய பழைய குழுவில் யாரும் யாருக்காகவும் நின்றதில்லை. யார் சத்தம் அதிகமோ அவன் பின்னால் மற்றவர்கள் போவார்கள்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டரை அணைத்து வைத்துவிட்டுத் தானே கீபோர்டில் கை வைத்து வாசித்தான். செல்லோவாகவும் இல்லாமல் கிடாராகவும் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு மின்குரலை அதற்காக உருவாக்கியிருந்தான். முதல் பகுதி முடிந்தது. "இன்னொரு தடவ போலாமா?" என்றார் கணக்கு டீச்சர். அதற்கப்புறம் ஞாயிறு என்றால் இடி சட்டை இஸ்திரி போட்டுக் கீழே வருவான்.

பல் டாக்டரின் கை கூடிவிட்டது. அவர் வந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். இடம் போதவில்லை என்று யாரோ கீபோர்டையும் நாற்காலியையும் தாழ்வாரத்தில் வைத்தார்கள். ஏறின பிறகு ஏணியை எட்டி உதைத்த மாதிரி இருந்தது அவனுக்கு. ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்கிப் போனான்.

அந்தக் கோபத்தில் நாலு பேருடைய இசையையும் தானே மின்குரல்களில் செய்ய ஆரம்பித்தான். முதல் வயலினுக்குக் கண்ணாடி உரசுகிற மாதிரி ஒரு குரல், இரண்டாவதற்கு அதன் நிழல் மாதிரி ஒன்று. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை; வேலை மட்டும் மிஞ்சியது. முடிந்ததும் இணையத்தில் போட்டான். பழைய ரசிகர்கள், "இடிக்கு வயசாயிடுச்சு" என்று கிண்டலடித்தார்கள். முன்பின் தெரியாத சிலர் நன்றி சொன்னார்கள். அது சுற்றிச்சுற்றிக் கணக்கு டீச்சர் காதுக்குப் போய், அங்கிருந்து அக்காவுக்கு வந்தது.

அக்கா மாடியேறி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "போடு. கேப்போம்."

கேட்டாள். நடுவில் நிமிர்ந்தாள்.

"வியோலாவ எதுக்குடா இவ்ளோ சத்தமா வச்சிருக்கே?"

"எல்லாரும் கேக்கட்டும்னுதான். கீழ வாசிக்கும்போது நீ வாசிக்கிறது யாருக்குமே கேக்கறதில்லையே."

"அது தனியா கேக்கக்கூடாதுடா. இல்லன்னாதான் தெரியணும்."

அவன் வியோலாவை மட்டும் நிறுத்திக் காட்டினான். மற்ற மூன்றும் தளம் போடாத வீட்டின் சுவர்கள் மாதிரி நின்றன. அக்கா தலையாட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அழகா இருக்குடா. ஆனா நாலு பேரையும் நீயே பண்ணிட்டா, நாங்க எதுக்கு?"

"நீங்கதானே என் நாற்காலிய தூக்கி வெளில வச்சீங்க?"

அக்கா அவனையே பார்த்தாள். அப்படி ஒன்று நடந்ததே அவளுக்கு நினைவில்லை.

"ஊரே அலற கிடார் வாசிப்பே. இத சொல்ல மட்டும் வாய் இல்லையா உனக்கு?"

அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அக்கா எழுந்து அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுவாரம் அவள் வேறொரு இசையைத் தேடிப் பிடித்து வந்தாள். ஐந்து பேருக்கு எழுதியது. அதில் இரண்டு செல்லோ. பல் டாக்டருக்கு அரை மனசுதான். "எனக்கு எதிர்லயே ஒரு கரண்ட் செல்லோவா?" என்று முனகினார். முதல் ஒத்திகையில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். மூன்றாவதில் டாக்டரே, "தம்பி, கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. நீங்க எப்ப ஆரம்பிக்கிறீங்கன்னே தெரியல" என்றார்.

நூலகக் கூடத்தில் வாசித்தார்கள். கூட்டம் அதிகமில்லை, முன்வரிசையில் ஒருவர் பாதியில் எழுந்து போனார். மெதுவான பகுதியில் டாக்டர் ஒரு சுரத்தை நீட்டி நின்றார். இடி விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அத்தனை வருஷம் மேடையேறியவனுக்கு, சத்தமே போடாமல் மேடையில் இருப்பது அவ்வளவு பிடித்திருந்தது.

முடிந்ததும் ஒரு பெரியவர் கைத்தடியால் ஒலிபெருக்கியைக் காட்டிக் கேட்டார். "இந்த பெட்டிக்குள்ள வாசிச்சது யாருங்க? நல்லா வாசிச்சாரு."

"நான்தாங்க" என்றான் இடி.