ஹார்ட்மியர் பிரபுவின் இயற்கைப் புதல்வன்

உங்கள் பாட்டனாரின் பாட்டி யார் பெற்ற பிள்ளை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கும் தெரியாது. புத்தூர் செல்வநாயகத்துக்கும் தெரியாது. ஆனால் முன்னூறு வருடங்களுக்கு முன் பிறந்த ஓர் ஆங்கிலப் பிரபுவின் கொள்ளுப்பாட்டி பெயரைக் கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வார்.

செல்வநாயகம் கச்சேரி என்கிற அரச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் வெங்காயம் நடுகிற முதியவர்களை 'டேய்' என்று கூப்பிட்டதைத் தவிர, வாழ்க்கையில் குறிப்பாக எதுவும் செய்ததில்லை. லண்டனில் இருக்கும் தம்பி ஒரு பழைய மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போய், அங்கே விற்ற ஹார்ட்மியர் பிரபுவின் வரலாற்றை வாங்கி அனுப்பினார். அன்று பிடித்தது பிரபுப் பித்து. செல்வநாயகம் அதைத் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டார்.

யார் அந்தப் பிரபு? மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்தவன். அடிமைகள் அங்கே சவுக்கடி பட்டுச் செத்தார்கள். அவன் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. பிரபுக்கள் சபையில் தூங்கினான். சூதாடித் தோற்றான். தோற்றதை ஈடுகட்டத் தன் பெண்களைக் காணி பெருத்த குடும்பங்களாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தான். இந்த இடத்தில்தான் செல்வநாயகத்துக்குக் கண் கலங்கியது.

"பாத்தியளே, வெள்ளைக்காரனும் ஆக்கள் பாத்துத்தான் செய்திருக்கிறான்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார்.

சொல்வதற்குக் காரணம் இருந்தது. பண்டத்தரிப்பில் ஆங்கிலம் படிப்பிக்கும் அவருடைய ஒரே மகள் உதயகலா, ஜெயசுதன் என்ற மருந்தாளரைக் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

"அவை ஆர் ஆக்கள்?" என்றார் செல்வநாயகம். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குச் சாதியைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

"மனிச ஆக்கள், அப்பா."

"தாய் மயிலிட்டியிலை மீன் விக்கிறவள். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? முதல் என்ரை புத்தகத்தை வாசி, பிள்ளை. குடும்பம் எண்டால் என்னெண்டு விளங்கும்."

அவள் வாசித்தாள். தகப்பனின் தமிழை அல்ல, ஆங்கில மூலத்தை. வெளியீட்டு விழா அன்று காலை அவர் சால்வையை மடித்துக்கொண்டு நின்றபோது கேட்டாள்.

"அப்பா, 'நச்சுரல் சன்' எண்டதை என்னெண்டு எழுதினியள்?"

"இயற்கைப் புதல்வன். சுத்த ரத்தத்திலை பிறந்தவன் எண்டு விளக்கமும் போட்டிருக்கிறன். மாளிகையைப் பிரபு அவனுக்குத்தானே எழுதி வைச்சவர்."

"அந்தக் காலத்து இங்கிலீசிலை அது கலியாணம் கட்டாமல் பெத்த பிள்ளை. தாய் ஆரெண்டும் கிடக்கு. துறைமுகத்திலை மீன் வித்த மனிசி. சித்தப்பா பாத்த மாளிகையிலை இப்ப இருக்கிறது அவவின்ரை பரம்பரை."

செல்வநாயகம் சால்வையை விரித்தார். மறுபடி மடித்தார்.

"அவ வெள்ளைக்காரி" என்றார் கடைசியில்.

"வெள்ளைக்காரியின்ரை மீன் நாறாதோ?" குசினிக்குள் இருந்து கேட்டவர் மனைவி பத்மாசினி. அந்த வீட்டில் அவர் புருசனைக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

புத்தகம் அச்சாகிவிட்டது, மண்டபமும் எடுத்தாகிவிட்டது. விழா நடந்தது. ஆய்வுரை செய்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், இயற்கைப் புதல்வன் என்றால் தந்தையின் இயற்கைக் குணங்களெல்லாம் வாய்க்கப்பெற்றவன் என்று விளக்கினார். சபை கைதட்டியது. செல்வநாயகமும் தட்டினார். தெரியாமல் பிழை விட்டவனை மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் அந்தப் பிழைக்குக் கைதட்டுகிறவனை என்ன செய்வது? வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"உவன் இந்தப் படலை தாண்டக் கூடாது."

படலைக்கு வெளியே உலகம் இருக்கிறது. வரும் தைப்பூசத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, சாவகச்சேரியில் பதிவுத் திருமணம். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் பத்மாசினி. மற்றதற்கு உதயகலா சொந்தக்காரரைக் கேட்டுப் பார்த்தாள். ஒரு மாமாவுக்கு அன்று கிளினிக்காம். இன்னொருவருக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டுமாம். இருவரும் புத்தக வெளியீட்டில் முன்வரிசையில் இருந்தவர்கள்.

மயிலிட்டியிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வருவார்கள், அவர்களில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் அவள் கேட்பது வேறு. "எங்கடை ஊரிலையிருந்து அம்மாவுக்குப் பக்கத்திலை ஒராளாவது நிக்க வேணும்" என்கிறாள். நான் புத்தூரான் அல்ல. நீங்கள் புத்தூர் என்றால், செல்வநாயகத்தை நினைத்துச் சிரித்துவிட்டு இதை மடித்து வைக்காதீர்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை சாவகச்சேரிக்குப் பஸ் ஏறுங்கள்.