பவுடர் மேல் விழுந்த பழி

போன ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் எங்கள் கேரம் கிளப் வாசலில் சரவெடி வெடித்தோம். எங்கள் மெர்சி மாவட்ட சாம்பியன்! மூன்று செட் ஃபைனல்... ஒரு தடவைகூட இருமாமல் ஆடினாள்.

இருமலுக்கும் கேரமுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

மெர்சிக்கு இருபத்திரண்டு வயது. கிளப்பின் ஒரே பெண். ஜெயித்துக்கொண்டே போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று குடும்பமே நம்பியிருந்தது. ஆனால், இந்த வருஷம் ஆரம்பத்திலிருந்து ஓயாத இருமல். ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்க்கும் அந்த நொடியில்தான் இருமல் வரும். கை ஆடிவிடும். வரிசையாகத் தோற்றாள்.

"போர்டுல போடுற பவுடர் ஒத்துக்கல மாமு" என்றார் கிளப்பை நடத்தும் தேவா அண்ணன். பவுடரை மூன்று முறை மாற்றினோம். இருமல் போகவில்லை. பவுடர் பறக்கக் கூடாது என்று ஃபேனை நிறுத்தினோம். ஜன்னலைச் சாத்தினோம். சாத்தியது அடியேன்தான். சாத்திவிட்டு, அந்தக் கவலையிலேயே ஒரு சிகரெட் பற்றவைத்தேன். தேவா அண்ணனும்தான். மீதி ஆறு பேரும்தான். எங்கள் அக்கறையைப் பார்த்தீர்களா?

கடைசியில் மெர்சி டாக்டரிடம் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி — "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பீங்க?"

மறுநாள் நேராகக் கிளப்புக்கு வந்து நின்றாள்.

"பவுடர் இல்லண்ணா, நீங்க வுடுற பொகதான். நான் ஒரு பீடிகூட தொட்டதில்ல. எட்டு பேரு பொகைய நான் ஒருத்தி இழுத்துகினு கீறேன். மூச்சுக்கொழாயே புண்ணாயிருக்குதாம்."

"சரிம்மே, ஜன்னல தொறந்துடலாம்" என்றார் தேவா அண்ணன்.

"அது பத்தாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உள்ள ஒண்ணு பொக இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இன்னா சொல்ற?"

தேவா அண்ணன் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து அணைத்தார். "புடிக்கிறவன்லாம் தெருமொனைக்குப் போங்கடா" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக அவரே நடந்தார். எனக்குச் செம கடுப்பு. ஆனால் ரெண்டு மாதத்தில் இருமல் அடங்கியது. ஃபைனலின் கடைசி போர்டில் ரெட் காயினையும், அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காயினையும் அவள் போட்ட அழகில் நான் அழுதேவிட்டேன். எங்க பொண்ணு சார்!

அன்று சாயந்திரம் லட்டோடு வீட்டுக்குப் போய், மனைவியிடம் இந்த வீரக்கதையை எல்லாம் அளந்தேன். அளந்தபடியே ஹாலில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன்.

இருமிக்கொண்டே சொன்னாள் — "அந்தப் பொண்ணுக்கு கேரம் ஆடத் தெரியும், பொழச்சிகிச்சு. எனக்கு ஆடத் தெரியாதே... நான் இன்னா பண்றது?"