டிஎல்எல் ஃபைல் காணாத வெள்ளிக்கிழமை

கல்யாணமாகி மூன்றாம் மாதமே அவர் துபாய்க்குத் திரும்பிவிட்டார். போவதற்கு முன் திருவாரூரில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டு போன் லைனிலேயே இன்டர்நெட்டும் போட்டு, வாய்ஸ் சாட்டில் எப்படிப் பேசுவதென்று எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.

"அங்க ரூம்ல ஒருத்தர்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு. போன் கார்டுன்னா பேச ஆரம்பிக்கறப்பவே தீந்துடும். இதுல நிதானமா பேசலாம்" என்றார்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில். எங்கள் வீட்டில் நானும் அவர் அம்மாவான மாமியும்தான். மாமிக்குக் காது மந்தம். சில நாட்களில் பால்காரரிடம் பேசுவதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

மழைக்காலத்தில் வைரஸ் புகுந்து கம்ப்யூட்டர் நின்றுபோனது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்திருந்ததால், சிடியைப் போட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தை நானே புதிதாக ஏற்றினேன். எல்லாம் வந்தது. சாட் புரோகிராமைத் திறந்தால் மட்டும், ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் இல்லை என்று சின்னப் பெட்டி எழும்பியது. பல புரோகிராம்கள் பொதுவில் பயன்படுத்திக்கொள்ளும் ஃபைல் அது. புது சிஸ்டத்தில் அது இல்லை. இன்டர்நெட்டில் தேடி, இறக்கி, சிஸ்டம் ஃபோல்டரில் போட்டேன். உடனே வேறொரு ஃபைலின் பெயரைச் சொல்லி அது இல்லை என்றது. அதையும் தேடினேன். மறுபடி இன்னொன்று.

அன்று வெள்ளிக்கிழமை. சாட் நின்றதிலிருந்து, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவர் போன்தான் செய்வார்; அந்த நேரம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இன்டர்நெட் ஓடும்போது போன் அடிக்காது. சாயங்காலம் தெருக்கோடியிலிருந்து நாத்தனார் வந்தாள்.

"அண்ணி, உங்க போன் எந்நேரமும் எங்கேஜ்டாவே இருக்காமே? அண்ணன் போட்டுப் போட்டுப் பாத்துட்டு எங்க வீட்டுக்குப் பேசுச்சு. நல்லா இருக்காளான்னு கேட்டுச்சு. அதுக்குள்ள கார்டு தீந்துடுச்சு."

அவரோடு பேசுவதற்குத்தான் இத்தனை பாடு என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் இன்டர்நெட்டில் கேள்வி பதில் மன்றம் ஒன்றில், இதே சிக்கலை எந்த நாட்டிலோ யாரோ கேட்டிருந்தார்கள். ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்காதீர்கள், அந்தப் புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரி எல்லாம் சேர்ந்த ஒரே இன்ஸ்டாலர் இருக்கிறது, அதைப் போடுங்கள் என்று இன்னொருவர் பதில் எழுதியிருந்தார். போட்டேன். புரோகிராம் திறந்தது. சொல்வதற்கு ஆளில்லை. மாமியிடம் போய்ச் சத்தமாகச் சொன்னேன். "கரண்டு வந்துடுச்சா?" என்றார்.

விஷயத்தை அவருக்கு மெயிலில் எழுதினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் சாட்டில் வந்தார்.

"கேக்குதா?"

"கேக்குது மச்சான்."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

போனிலும் சரி, முன்பு சாட்டிலும் சரி, இந்த இடத்தில் வைத்துவிடுவோம்.

"வச்சிடவா?" என்றார்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."

அவர் அறையின் ஏசி இரைந்தது. யாரோ இருமினார்கள். அவர் படுக்கும் இடத்தின் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அங்க என்ன சத்தம்?" என்றார் திடீரென்று.

"அறுப்பு மெஷின் ரோட்டுல போவுது."

"குறுவை அறுப்பு வந்துடுச்சா?" என்றவர் மெஷின் சத்தம் தேயும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு லைன் அறுந்துவிட்டது. திரும்ப இணைத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அஸர் தொழப் போனேன்.