காதிலிருந்து எடுத்த காப்பிக் கொட்டை

காயப்போட்ட காப்பிக் கொட்டைக்கு ஒரு வாசனை உண்டு... புளிப்பும் ஈர மண்ணும் கலந்த மாதிரி. ஏற்காட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில், அந்த வாசனை என் சுடிதார் துப்பட்டாவில்கூட ஏறியிருந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. காலேஜ் நாட்களில் போனில் வீடியோ பார்த்துக் கொஞ்சம் மேஜிக் பழகியிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலங்களில், தங்க வரும் குடும்பங்களுக்கு அரைமணி நேரம் செய்து காட்டுவேன்.

எல்லோருக்கும் பிடித்தது ஒன்றுதான். ஒரு காப்பிக் கொட்டையை வாயில் போட்டு விழுங்குவேன். வாயைத் திறந்து காட்டுவேன். பிறகு காதிலிருந்து எடுப்பேன்.

உண்மையில் அது வாய்க்குள் போகவே போகாது. விரலிடுக்கிலேயே இருக்கும்.

லாட்ஜ் கிச்சனில் வேலை செய்த வசந்தி அக்காவுக்குப் பக்கத்துச் செம்மநத்தம் கிராமம். அவர் மகள் பவித்ராவுக்கு ஐந்து வயது. அரையாண்டு லீவு என்பதால் தினமும் அம்மாவோடு வந்துவிடுவாள். நான் மேஜிக் செய்யும்போது முன்னால் வந்து உட்கார்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எப்படிக்கா வந்துச்சு?"

"மந்திரம் கண்ணு."

அப்படிச் சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை...

ஒரு திங்கட்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும், பனி இன்னும் விலகவில்லை. வசந்தி அக்கா ரிசப்ஷன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். இடுப்பில் பவித்ரா. விடாமல் இருமிக்கொண்டிருந்தாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விசில் மாதிரி ஒரு சத்தம். உதட்டோரம் லேசாக நீலம்.

"காயப்போட்ட கொட்டைய எடுத்து வாயில போட்டுக்கிச்சுங்க. உங்களாட்டமே காதுல எடுக்கறேன்னு சொல்லுச்சு... பொறை ஏறிப் போச்சுங்க."



அக்கா குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்தார். முடியை ஒதுக்கி, அவள் காதை என் பக்கமாகத் திருப்பினார்.

"எடுத்துடுங்க அம்மிணி. நீங்கதான் எடுப்பீங்கள்ல."

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா... அது பொய்ங்கக்கா. நான் முழுங்கவே மாட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அவர் நம்பவில்லை. "ஏனுங்க, எம்புள்ளைன்னா மட்டும் எடுக்க மாட்டீங்களா?"

நான் பவித்ராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். மேனேஜர் காரை எடுத்தார்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் பார்த்ததும், ஆக்ஸிஜன் வைத்து, அக்காவையும் என்னையும் கூடவே ஆம்புலன்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். கூட வந்த நர்ஸ் சொன்னது ஒன்றுதான். "புள்ளய அழுவ உடாதீங்க. அழுதா இன்னும் உள்ள எறங்கிரும்."

ஆனால் பவித்ராவின் முகம் அழுகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

என் மோதிரத்தைக் கழற்றினேன். "பவி, இங்க பாரு. அக்கா எங்க ஒளிக்கறேன்னு காட்டட்டுமா?"

அதுவரை யாருக்கும் காட்டாததை அவளுக்குக் காட்டினேன். மெதுவாக... விரல் விரலாக. வண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக இறங்கியது. மோதிரம் இரண்டு முறை கீழே விழுந்தது. அவள் அழவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி மலை இறங்கியிருப்போம். விசில் சத்தம் சட்டென்று நின்றது.

நர்ஸ் எழுந்து அவள் மேல் குனிந்தார். நான் மோதிரத்தைப் பிடித்தபடியே அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். மறுபடி ஒரு இருமல் வந்தது... அப்புறம் அந்த விசில். அந்தச் சத்தத்துக்காக நான் ஏங்குவேன் என்று நினைத்ததே இல்லை.

சேலத்தில் மயக்க மருந்து கொடுத்து, தொண்டை வழியே குழாய் விட்டு எடுத்தார்கள். அதுவரை வசந்தி அக்கா என்னிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளியே உட்கார்ந்திருந்தார். "எடுத்தாச்சு, நல்லாருக்கா" என்று டாக்டர் சொன்னபோது, நான்தான் சத்தமாக அழுதேன்.

அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டேன்.

போன வருடம் சேலம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் பவித்ரா, என் உயரத்துக்கு. இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க அம்மிணி. கொட்டை உள்ள போனப்பக்கூட நான் நொம்பப் பயப்படலீங்க. நீங்க இருக்கீங்கன்னுதான் ஓடியாந்தேன். ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க... அப்பத்தான் பயந்தேன்."

இப்போது நான் ஒரு பள்ளியில் டீச்சர். ஆண்டு விழா வந்தால் மேஜிக் செய்யச் சொல்வார்கள். கயிறு, கைக்குட்டை மட்டும்தான். லாட்ஜில் இருந்தபோதெல்லாம் ஒரு குழந்தை என்னை முழுசாக நம்பிப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். இப்போது பயமாக இருக்கிறது. அதனால் முடிந்ததும், எப்படிச் செய்தேன் என்று அங்கேயே காட்டிவிடுகிறேன்.

"ச்சே, இவ்ளோதானா மிஸ்?" என்று எழுந்து போகிறார்கள்.

யாராவது இன்னும் நம்பிக்கொண்டு நிற்கிறார்களா என்று, எல்லோரும் வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.