முதுகு காட்டினவன்

படங்களுக்குச் சட்டம் அடிக்கிறவர் என்பதால் அவரை முகத்துக்கு நேரே பிரேம்காரர் என்பார்கள். தலை மறைந்ததும் முதுகு. "முதுகு கடை திறந்திருக்கா பாரு" என்று அடுத்த தெருவில் சொல்வது அவர் காதிலும் விழும். இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அந்நியன் இல்லை, சொந்த அக்கா புருஷன். இருபது வருஷமாக அது தொண்டையில் முள்ளாக நின்றது.

அத்தான் ஓவியர். வயிற்றுப்பாட்டுக்குக் கடைப் பலகை எழுதுவார். மிச்ச நேரமெல்லாம் கேன்வாஸ்தான். பேச்சு குறைவு. ஒரு நீலத்தைக் கலந்து வைத்துவிட்டு அரை நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பால் பொங்குதான்னு பாக்கறீங்களா?" என்று அக்கா கேட்பாள். அப்போதும் கண் நீலத்தில்தான் இருக்கும்.

துணிக் கிடங்கு தீப்பிடித்த அன்று எல்லோரும் முன்வாசல் வழியாக வெளியே ஓடிவந்தார்கள். காவல்காரர் மட்டும் உள்ளே மயங்கிக் கிடந்தார். உதவிக்கு ஓடிவந்திருந்த பிரேம்காரர் புகைக்குள் புகுந்து, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினார். வாசலில் நின்றவர்களுக்கு அவர் திரும்பினது அரைகுறையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். காவல்காரருக்கோ யார் தூக்கினார் என்று ஒன்றும் நினைவில் இல்லை, தானே தவழ்ந்து வந்திருப்பார் என்றார்கள். மற்றவர்கள் தண்ணீர் ஊற்றும்போது இவர் பின்பக்கமாக ஓடிவிட்டார் என்று பேச்சு கிளம்பிற்று. உள்ளே போனதைக் கண்ணால் கண்டவர் அத்தான் ஒருவர்தான். சொல்லியும் பார்த்தார். "மச்சானுக்கு வக்காலத்தா?" என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

பிறகு கிடங்குத் தொழிலாளர் சங்கம், கூடத்தில் மாட்ட அந்தத் தீயையே படமாகக் கேட்டது. அத்தான் வரைந்தார். விழா அன்று துணியை விலக்கினார்கள். பழுப்பு இருட்டிலிருந்து ஆட்கள் நம்மைப் பார்த்து ஓடிவருகிறார்கள். நட்டநடுவில் ஒருவன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். சட்டையின் முதுகில் தைத்த ஒட்டுத்துணியைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியும்.

"அட, நம்ம பிரேம்காரரு. சரியாத்தான் போட்டிருக்காரு. முதுகு காட்டினவன்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து பிரேம்காரர் அத்தானிடம் பேசியதெல்லாம் சட்டத்தின் நீளமும் அகலமும்தான்.

இப்போது அத்தானுக்கு இதயம் வீங்கிவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒருநாள் காலையில் அக்கா கடைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"சங்கக் கட்டடத்தை இடிக்கிறாங்களாம்டா. அந்தப் படத்தை ஒரு தடவை பாத்துடணுங்கிறாரு."

"எனக்கு வேலை கிடக்கு."

"உன்னைத்தான் அனுப்பச் சொன்னாரு. வேற எவன் கழட்டினாலும் கிழிச்சிடுவானாம்."

"ஆமா, பெரிய பொக்கிஷம்" என்று சொல்லிக்கொண்டே அவர் திருப்புளியைத் தேடினார்.

கூடத்தின் பாதிக் கூரையைப் பிரித்துவிட்டிருந்தார்கள். படம் மாட்டியிருந்த சுவர் மட்டும் தனியாக நின்றது. பக்கத்துச் சுவரைச் சம்மட்டியால் அடிக்க அடிக்க இதுவும் அதிர்ந்தது. பிரேம்காரர் ஏணியில் ஏறினார். திருகாணி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

"யோவ் பெரியவரே, இறங்கு. சுவரு வருது" என்று கீழிருந்து மேஸ்திரி கத்தினார்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லு."

"சொன்னா கேக்கறதுக்கு அது என்ன என் மச்சானா?"

காரைத் துகள் கண்ணில் விழுந்தது. கடைசித் திருகாணி கழன்றதும் மொத்தப் பாரமும் தோளில் இறங்கியது. கால் தடுமாறி, படத்தோடு ஏணியில் சறுக்கி, எப்படித் தெருவுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. முதுகுக்குப் பின்னால் சுவர் உட்கார்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

படத்தை அத்தானின் கட்டில் காலடியில், ஜன்னல் வெளிச்சம் விழும்படி சாய்த்து வைத்தார்கள். தலையணையில் சாய்ந்தபடி அத்தான் வெகுநேரம் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"தீ எங்க மாப்ள?"

"என்னைக் கேட்டா? நீங்க எங்க தீயைப் போட்டீங்க, என் முதுகைத்தானே போட்டீங்க." அத்தனை வருஷம் அடக்கினது அப்படித்தான் வெளியே வந்தது.

"போட்டேன். வாசல் முழுக்கப் போட்டேன். நீ அது மேல பாலிஷ் போட்டுட்ட."

பிரேம்காரருக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு நினைவுக்கு வந்தது. விழாவுக்கு முந்தின சாயங்காலம், கடையின் மங்கல் பல்பில், சட்டத்துக்குப் போட்ட தேக்கு நிற அரக்குப் பாலிஷில் மிச்சம் இருந்தது. மின்னட்டுமே என்று படத்தின் மேலும் இரண்டு கை இழுத்திருந்தார். அந்த வெளிச்சத்தில் படத்தில் என்ன இருக்கிறதென்று சரியாகப் பார்க்கக்கூட இல்லை. யாரும் செய்யச் சொல்லவில்லை. பிரியத்தில் செய்தது.

"வாசல்ல முதல்ல வெள்ளையைக் கெட்டியா அப்பினேன்" என்றார் அத்தான், நிறுத்தி நிறுத்தி. "காஞ்ச பிறகு சிவப்பும் மஞ்சளும், கண்ணாடி மாதிரி மெல்லிசா, ஒண்ணு மேல ஒண்ணா. வெளிச்சம் உள்ள போய் வெள்ளையில பட்டுத் திரும்பி வரணும். தேக்கு கலரைத் தாண்டி எப்படி வரும்?"

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்ன. 'எப்படி மின்னுது பாத்தீங்களா அத்தான்'ன்னு கேட்ட. என்னத்தைச் சொல்ல?"

"அப்புறமாவது?"

"அப்புறம் நீ அளவைத் தவிர எதையும் பேச விட்டியா?"

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் போதும். அது பிரேம்காரரின் தொழில்தான், பழைய மேசைகளில் அன்றாடம் செய்வது. ஆனால் இது மேசை இல்லை. பாலிஷுக்கு அடியிலேயே சிவப்பு, அதுவும் ஈர்க்குத் தடிமன்கூட இல்லாத சிவப்பு. அத்தானின் கைகளோ போர்வை மேல் தாமாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"நான் மாட்டேன். கெட்டுப்போச்சுன்னா?"

"இப்ப மட்டும் என்ன வாழுது? பஞ்சைச் சுத்தி எடு. தேய்க்காத, ஒரே பக்கமா உருட்டு. பஞ்சு பழுப்பா வந்தா அது உன்னுது. சிவப்பா வந்தா அது என்னுது, கையை எடுத்துடு."

பிரேம்காரர் கட்டிலுக்கு முதுகு காட்டி, படத்துக்கு முன்னால் மண்டியிட்டார். பஞ்சு பழுப்பாக வந்தது. அடுத்ததும் பழுப்பு. பின்னால் அத்தானின் மூச்சு விசிலடித்தது. அது சற்றே நின்றாலும் இவர் கையும் நின்றது. பிறகு ஒரு பஞ்சின் நுனியில் ரோஜா நிறம் தெரிந்தது. கையைச் சூடு பட்டவர் போல் இழுத்துக்கொண்டார்.

"போச்சா?" என்றார் அத்தான்.

"தெரியல. கொஞ்சம் வந்துடுச்சு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

பார்த்தார். ஓர் ஓரத்தில் நகமளவு வெள்ளை எட்டிப் பார்த்தது. அதைச் சுற்றி வாசல் எரிந்துகொண்டிருந்தது. ஜுவாலை என்று ஒன்றைக்கூட அத்தான் வரையவில்லை. ஓடிவருகிறவர்களின் முகங்கள் சாம்பலும் நீலமுமாக ஆறிக் கிடந்தன. சூடு முழுவதும் அந்த ஒருவனின் தோள்களைச் சுற்றி, முடியின் ஓரத்தில், வலது காதின் மடலில் நின்றது. பிரேம்காரரின் கை தன் வலது காதுக்குப் போனது. அங்கே அன்று தீ சுட்ட தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது.

"எல்லாரும் வெளிய வராங்க. நீ ஒருத்தன்தான் உள்ள போற" என்றார் அத்தான். "உன் மூஞ்சியப் போட்டிருந்தா மூஞ்சியத்தான் பாத்திருப்பாங்க. நீ எதைப் பாத்துக்கிட்டுப் போனேங்கிறதை யாரு பாப்பாங்க? அதான் முதுகு."

பிரேம்காரர் அடுத்த பஞ்சைச் சுற்றப் போனார். தோள்கள் குலுங்குவதை அடக்கப் பார்த்தார். பின்னால் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்குமா? எதிரே படத்தில் ஒரு முதுகு, அதற்கு முன்னால் மண்டியிட்ட இன்னொரு முதுகு, இரண்டையும் அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"போதும் மாப்ள. பஞ்சைக் கீழ வை. இந்தப் பக்கம் திரும்பு, உன் மூஞ்சியப் பாக்கணும்."