ரயிலில் கொடுத்த ஆறு மாத்திரை

போன ஞாயிறு ஒரு கும்பிடு வாங்கினேன். ஏன் வாங்கினோம் என்று இருக்கிறது.

மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறும் எங்கள் செட்டில் எல்லாமே பொது — புளிசாதம், சண்டை, மாத்திரை. எங்கள் ஊர் டாக்டர் வருவதற்கு முன்னால் பெங்களூருக்குக் கிளம்பி, அவர் போன பிறகு திரும்பும் ஜனம் நாங்கள். என் கைப்பையில் மிச்ச மாத்திரை டப்பா ஒன்று உண்டு. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. செட்டில் எனக்கு வைத்த பெயரே ரயில் டாக்டரம்மா, சும்மாவா?

இரண்டு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை. எதிர் சீட் தேவராஜண்ணன் ஷூவைக் கழற்றினார். செக்யூரிட்டி வேலை, அறுபதைத் தொடும் வயசு, பல வருஷமாகச் சர்க்கரை. புது ஷூ கடித்து சுண்டுவிரல் சிவந்து வீங்கியிருந்தது. லேசாகக் காய்ச்சல் வேறு.

"இன்னாம்மா, டப்பால எதுனா கீதா?"

இருந்தது. என் பல்வலிக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக். வலி நின்றதும் நான் பாதியில் விட்டது... ஆறு.

"மூணு நாள் போடுங்கண்ணா, ஓடிப்போயிடும்" என்றேன். என்னமோ டாக்டருக்குப் படித்தவள் மாதிரி!

காய்ச்சல் அடங்கின மாதிரிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை ரயிலில் அவருக்கு உடம்பு நடுங்கி, பேச்சு குழறியது. பங்காரப்பேட்டையில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம்.

"வயசு, சர்க்கரை, கால் புண்ணு... இவரு முதல் நாளே வந்திருக்கணும். இப்படி வர்றவங்க எல்லாரும் வீடு திரும்புறதில்ல" என்ற டாக்டர் என்னைப் பார்த்தார். "நடுவுல எதுனா மாத்திரை போட்டாரா?"

தெரியாது என்றேன்.

அண்ணன் பிழைத்தார். இரண்டு விரல் போய்விட்டது. ஞாயிறன்று ஸ்கெலட்டன் காலனியில் அவர் வீட்டுக்குப் போனால், அண்ணி என் முன்னால் கைகூப்புகிறார்.

"உன் மாத்திரைதான் கண்ணு அவரை அத்தினி நாளு தாங்குச்சி."

அப்போதாவது வாயைத் திறந்தேனா? காபி குடித்துவிட்டு வந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. மாத்திரை கொடுத்தது அறியாமை என்றே வையுங்கள். டாக்டரிடம் பொய் சொன்னதற்கு என்ன பெயர்?

டப்பாவைத் தூக்கிப் போட்டாயிற்று. அது பெரிய காரியமில்லை.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியை அண்ணனுக்கு வாராவாரம் உரக்கப் படித்துக் காட்டுவது அண்ணிதான். பத்திரிகை அவர் கைக்குப் போகும்முன் நான் நேரில் போய்ச் சொல்லியாக வேண்டும்.

எழுதி முடித்துவிட்டேன். இன்னும் செருப்பு மாட்டவில்லை.